பழைய எச்.எம்.டி. வாட்ச் வாங்கும் முன்: டயலைப் பார்ப்பது முதல் விலை பேசுவது வரை

பழைய சாவி வாட்ச் ஒன்று வாங்கிக் கட்ட ஆசை, எதில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் எச்.எம்.டி. என்றுதான் சொல்வேன். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் தொடங்கியது அந்தத் தொழிற்சாலை. ஏராளமாகச் செய்து விற்றதால் உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கடைத்தெரு ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு இந்த மிஷின், அதாவது வாட்சின் உள்ளே ஓடும் இயந்திரம், கைப்பழக்கம்.

2016-ல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட முடிவெடுத்தது. அதன் பழைய மாடல்களான ஜனதா, பைலட் வாட்சுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. கூடவே வேறு வேறு வாட்சின் பாகங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்ட வாட்சுகளும் சந்தையில் நிறைந்து கிடக்கின்றன. "சூப்பரா ஓடுது சார்" என்பதுதான் விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை. ஓடாத மிஷினைச் சில நூறு ரூபாயில் ஓட வைத்துவிடலாம். கெட்டுப்போன டயலுக்கு மருந்தே கிடையாது. அதனால் டயலில் இருந்து தொடங்குங்கள்.

படி 1: டயல்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போன் கேமராவின் மேக்ரோவை நான் நம்புவதில்லை. அது எழுத்தின் ஓரங்களைத் தானாகவே திருத்திக் கூர்மையாக்கிக் காட்டிவிடும், நமக்கோ அந்த ஓரங்கள்தான் சாட்சி.

ஜனதா டயலில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 17 ஜூவல்ஸ், பாராஷாக் என்று இருக்கும். ஜூவல்ஸ் என்பவை தேய்மானத்தைக் குறைக்க மிஷினில் பதித்த சின்னக் கற்கள். பாராஷாக் என்பது கீழே விழுந்தால் பேலன்ஸ் வீலின் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரத்தின்) அச்சு முறியாமல் காக்கும் சிட்டிசனின் அமைப்பு. அந்தச் சின்ன எழுத்துகளை லென்ஸில் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சானது என்றால் ஒவ்வொரு எழுத்தும் ஒரே தடிமனில், ஓரம் கலையாமல் நிற்கும். மறுபடி பெயின்ட் அடித்து அச்சடித்த டயலில் எழுத்து கொஞ்சம் கொழுத்திருக்கும், உள்வளைவுகளில் மை தேங்கியிருக்கும், வரிகள் லேசாகச் சாய்ந்திருக்கும்.

அப்புறம் நிமிடக் கோடுகள். 12, 3, 6, 9 நான்கிலும் மணிக்குறியின் நடுவும் நிமிடக் கோடும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா? மறுபூச்சு டயலில் 12-ல் சரியாக வைத்துவிடுவார்கள். 7-க்கோ 8-க்கோ வரும்போது கோடு நழுவியிருக்கும். ஒட்டிய உலோகக் குறிகள் என்றால் அவற்றின் அடிப்பக்கம் பெயின்ட் மேடு கட்டியிருக்கிறதா என்று வாட்சைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தேதிக் கட்டம் இருந்தால் அதன் உள் ஓரத்தையும் பாருங்கள், பெயின்ட் வழிந்த தடம் அங்கேதான் தெரியும்.

கடைசியாக வயது. டயல், முள், கேஸ் (மிஷினைச் சுற்றியுள்ள உலோகக் கூடு) மூன்றும் ஒன்றாகக் கிழடு தட்டியிருக்க வேண்டும். முள் கறுத்து, கேஸ் தேய்ந்து, டயல் மட்டும் பளபளவென்று இருந்தால் அந்த டயல் பின்னால் வந்தது. மயில் நீலத்திலும் ஆரஞ்சிலும் மின்னும் ஜனதாக்களைப் பார்த்தாலே நான் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்படி மறுபூச்சு செய்த வாட்சுகளுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

கறுப்பு டயல் பைலட்டில் கூடுதல் கவனம் வேண்டும். ஜனதாவிலும் பைலட்டிலும் பெரும்பாலும் ஓடுவது 0231 என்ற எண்ணுள்ள ஒரே மிஷின். ஜனதாவின் டயலைக் கழற்றிவிட்டு, கறுப்பு டயலும் பச்சை நிற ஒளிரும் பூச்சு பூசிய முள்ளும் மாட்டினால் பைலட் தயார். பைலட்டுக்கு விலை அதிகம், அதனால் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. முள்ளில் இருக்கும் ஒளிரும் பூச்சும் எண்களில் இருக்கும் பூச்சும் ஒரே நிறத்தில், ஒரே அளவுக்கு மங்கியிருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

(1960-களுக்கு முந்தைய ஸ்விஸ் வாட்ச் ஏதாவது கையில் வந்து, டயலில் பழுப்பேறிய ஒளிரும் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். பூச்சு மங்கினாலும் கதிர்வீச்சு போகாது. பின்மூடியைத் திறக்காதீர்கள், சுரண்டவே சுரண்டாதீர்கள்.)

படி 2: கேஸ், கண்ணாடி

பழைய எச்.எம்.டி. பலவற்றில் கேஸ் பித்தளை, மேலே குரோம் பூச்சு. பட்டை மாட்டும் கொம்புகளின் பின்பக்கத்தில் வியர்வை பட்டுப் பட்டுப் பூச்சு போய் மஞ்சள் தெரியும். லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை, குழி குழியாக அரித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பாலிஷ் போட்டு மினுக்கிய கேஸைவிடக் கீறலோடு இருக்கும் கேஸே எனக்குப் பிடிக்கும். பாலிஷ் போட்டால் கொம்பின் கூர்முனை மழுங்கிவிடும், திரும்ப வராது. கண்ணாடிக் கீறலுக்குக் கவலையே வேண்டாம். அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக், மாற்றவும் சுலபம்.

படி 3: சாவி, முள், ஓட்டம்

சாவியை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் கிரவுன் என்ற சின்னக் குமிழை, மெதுவாகத் திருப்புங்கள். கிர் கிர் என்று சீராகச் சத்தம் வந்து, இருபது முப்பது திருப்பில் இறுகி நிற்க வேண்டும். இறுகாமல் போய்க்கொண்டே இருந்தால் சாவியின் விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங்கில் கோளாறு. கிரவுனை இழுத்து முள்ளைச் சுற்றும்போது லேசான எதிர்ப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால், மிஷின் நன்றாக ஓடினாலும் முள் பின்தங்கும். "நேரம் மட்டும் நிக்கல சார், மத்தபடி ஓகே" என்று விற்பவர் சொல்வது பல நேரம் இதைத்தான்.

ஓட்டத்தை அளக்க டைம்கிராஃபர் (வாட்சின் டிக் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தைக் காட்டும் கருவி) இருந்தால் உத்தமம். சீனாவின் வெய்ஷி 1000 போதும். போன் ஆப்பும் உண்டு, அமைதியான அறையில் சுமாராக வேலை செய்யும். 0231 மிஷின் ஒரு மணி நேரத்தில் 18,000 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து முறை. முழுச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கி இருக்க, பேலன்ஸ் வீலின் வீச்சு (அது ஒரு பக்கம் சுழலும் கோணம்) 250 டிகிரிக்கு மேல் வந்தால் மிஷின் ஆரோக்கியம். 200-க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவைக் கணக்கில் சேருங்கள். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஆனால் இந்த வயதுக்கு அது நல்ல வாட்ச். ஆன்லைனில் வாங்கினால், "அண்ணே, பின்மூடி திறந்து மிஷினை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

படி 4: விலை

கேட்கும் விலை விலையல்ல. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் குழுக்களில் அந்த வசதி இல்லை. இரண்டு வாரம் கவனியுங்கள். ஒரே விலையில் காத்துக் கிடப்பவை அதிக விலை வைத்தவை, சட்டென்று மறைந்தவைதான் சந்தை விலை.

பிறகு கழித்தல். ஒரு பேச்சுக்கு, அசல் டயலோடு சர்வீஸ் செய்த ஜனதா 3,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்ப்பதற்குச் சர்வீஸ் 700, கண்ணாடி 200, பட்டை 300 ஆகும் என்றால் 1,800-க்கு மேல் கொடுக்காதீர்கள். அந்தச் செலவுகளை உங்கள் ஊர் ரிப்பேர்க்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். மறுபூச்சு டயல் என்றால் நான் பாதி விலையில் இருந்துதான் கழிக்கவே தொடங்குவேன்.

கடை முத்திரையும் வாங்கிய தேதியும் உள்ள உத்தரவாத அட்டை, பழைய பெட்டி இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்ற வாய்ச்சொல்லுக்கு மட்டும் ஒரு ரூபாயும் கூட்டாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வாங்கியவர்கள் இரண்டு சிக்கல்களை எழுதியிருந்தார்கள்.

ஒன்று, வாங்கும்போது சரியாக ஓடிய வாட்ச் திடீரென்று ஒரு நாளில் பல நிமிடம் வேகமாக ஓடுகிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தீர்களா? பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறியிருக்கும். திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் அதன் ஊசி ஆடிக் காட்டிக்கொடுக்கும். காந்தம் நீக்கும் கருவியில் ரிப்பேர்க்காரர் நொடியில் சரிசெய்துவிடுவார், இதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.

இரண்டு, மிஷினைப் பார்க்க அழுத்தி மூடும் வகைப் பின்மூடியைத் திறந்தவர்களால் திரும்ப மூட முடியவில்லை. மேசையில் கவிழ்த்துக் கட்டைவிரலால் அமுக்காதீர்கள், முன்பக்க அக்ரிலிக் விரிசல் விட்டுவிடும். மூடியில் கிரவுன் தண்டுக்கான வெட்டு இருந்தால் அதைத் தண்டுக்கு நேராக வைத்து, கேஸ் பிரஸ்ஸில் (பின்மூடியை அமுக்கி மூடும் கருவியில்) கண்ணாடியைத் தொடாமல் கேஸின் விளிம்பை மட்டும் தாங்கும் அச்சு போட்டு அமுக்குங்கள். பிரஸ் இல்லையென்றால் கடையில் கொடுத்து மூடிக்கொள்ளுங்கள்.