இரண்டு ஊசி, ஒரே நூல்: கையாலேயே ஒரு கார்டு உறை

மெட்ரோ கார்டு வைக்க ஒரு தோல் உறை வாங்கியிருந்தேன். ஆறே மாதத்தில் வாயைப் பிளந்துவிட்டது. ஓரத்தில் ஓரிடத்தில் நூல் அறுந்திருந்தது. சும்மா இருக்காமல் அதைப் பிடித்து இழுத்தேன், சரசரவென்று மூலை வரைக்கும் பிரிந்து வந்தது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது தையல்தான்.

மெஷின் தையலின் சுபாவம் அது. மேல் நூல் மேலேயே ஓடும், பாபின் நூல் கீழேயே ஓடும்; துளைக்குத் துளை இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிமானம் இல்லை. தோலுக்குக் கையால் போடும் சேடில் ஸ்டிச் வேறு மாதிரி. குதிரைச் சேணம் தைத்தவர்களின் தையல் என்பதால் அந்தப் பெயர். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. எல்லாத் துளையிலும் நூல் இரண்டு தடவை போகிறது. ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தாலும் மற்ற முனையிலிருந்து வந்த நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தையலைப் பழக ஒரு கார்டு உறைதான் சரியான அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தோல் வாங்குவது

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: தோல் கடைகள் இருக்கும் பெரியமேடு பக்கத்திலேயே இருக்கிறது. விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அங்கே தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். கடையில் நுழைந்ததும் முழுத் தோலைக் காட்டி மயக்குவார்கள், மயங்காதீர்கள். துண்டுத் தோல் இருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கு வேண்டியது உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு, பழகிப் பார்க்க இன்னும் நாலு துண்டு.

கேட்க வேண்டியது ‘வெஜ் டான்’, அதாவது மரப்பட்டையில் பதனிட்ட தோல். நம் ஊர்ப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலுக்கு ‘ஈ.ஐ.’ என்று ஒரு பெயர் உண்டு. ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம் அது. மதராஸிலிருந்து கப்பலேறிய காலத்துப் பெயர். இன்னொரு வகை குரோம் தோல், குரோமிய உப்பில் பதனிட்டது. கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் இழுத்த இழுப்புக்கு வரும், ஓரத்தைத் தேய்த்தால் பளபளப்பு ஏறாது. முதல் வேலைக்கு வேண்டாம். சாயம் போடாத துண்டாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வெஜ் டான் பெரும்பாலும் உடனே உறிஞ்சிக் கருத்துவிடும். கனம் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

மற்ற சாமான்கள்: கட்டர், ஸ்டீல் ஸ்கேல், ரப்பர் பசை, உப்புத்தாள், மெழுகு ஏற்றிய பாலியெஸ்டர் நூல் (0.8 மி.மீ.க்கு மேல் வேண்டாம்), இரண்டு ஊசி, 4 மி.மீ. இடைவெளியில் பல் வைத்த துளை உளி, ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). துளை உளிக்கு மட்டும் கொஞ்சம் காசு செலவழியுங்கள். ஊசி மழுங்கல் முனையாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியை அம்மிக்கல்லில் நாலு தேய் தேய்த்தால் சரி.

வெட்டுவது, ஒட்டுவது

ஏ.டி.எம். கார்டு, மெட்ரோ கார்டு எல்லாம் 85.6-க்கு 54 மி.மீ. அளவு. உறைக்கு 94-க்கு 58 மி.மீ. என்று இரண்டு துண்டு வெட்டுங்கள். கட்டரை ஒரே அழுத்தாக அழுத்தி அறுக்காமல், மெதுவாக இரண்டு மூன்று ஓட்டு ஓட்டுங்கள். முன்பக்கத் துண்டின் மேல் ஓரத்தில் (94 மி.மீ. நீளப் பக்கம்), நடுவில், ஒரு ரூபாய் நாணயத்தைப் பாதி வைத்துக் கோடு போட்டு அரைவட்டம் வெட்டிவிடுங்கள். கார்டை விரலால் தள்ள அந்த இடம் வேண்டும்.

இரண்டு துண்டின் உள்பக்கத்திலும் இரண்டு பக்க ஓரமும் கீழ் ஓரமும், மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும், உப்புத்தாளால் சுரண்டிப் பசை தடவுங்கள். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற அதே கதைதான்: இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். துளை போடுவதற்கு முன்னாலேயே ஒட்டிவிடுவதுதான் நல்லது. தனித்தனியாகத் துளை போட்டால் முன்னும் பின்னும் பொருந்தவே பொருந்தாது.

துளை

தையல் கோணலாக வந்தால் எல்லோரும் கையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் துளையில் இருக்கிறது. பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இரண்டு காலிலும் முள் இருக்கும் டிவைடரை எடுத்து 3 மி.மீ. விரித்து, ஒரு காலை ஓரத்தில் ஓட்டியபடி மூன்று பக்கமும் கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் மேல்தான் உளி உட்கார வேண்டும்.

மூலையில் தொடங்குங்கள். இந்த அளவுக்குக் கீழ் ஓரத்தில் மூலைகளையும் சேர்த்து 23 துளை, மூலை போகப் பக்கத்துக்கு 13 என்று சரியாக விழும். அதற்காகத்தான் 94, 58 என்று வைத்தேன். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் உளியின் முதல் பல்லை முந்தின கடைசித் துளையில் வைத்துக்கொண்டால் இடைவெளி மாறாது. உளி நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் முன்பக்கம் கோட்டிலும் பின்பக்கம் எங்கேயோவும் துளை விழும். அடியில் பழைய பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகை ஒன்று போடுங்கள், தரைக்கும் உளிக்கும் நல்லது. எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கொட்டாப்புளியைத் தொட்டால் கீழ்வீட்டு அக்காவின் குரல் வந்துவிடும். அதனால் துளை பகலில், தையல் இரவில்.

தையல்

தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு, அதோடு பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஒரு சாண். நம் உறைக்கு 120 செ.மீ. நூல் போதும். நூலைக் காதில் கோத்து, முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நூலின் நடுவிலேயே ஊசியைக் குத்தி, அப்படியே கீழே இழுத்துவிட்டால் ஊசி கழன்று விழாது. மறுமுனைக்கும் இதே போல.

உறையை இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவில் வைத்து முழங்காலுக்கு இடையில் இறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். வாய்ப்பக்க முதல் துளையில் ஓர் ஊசியை விட்டு இழுத்து, இரண்டு பக்கமும் நூல் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்திலிருந்து உங்களை நோக்கித் தைத்து வருவது சுலபம்.

இனி ஒவ்வொரு துளைக்கும் இதுதான். இடக்கை ஊசி முதலில் போகட்டும். வலப்பக்கம் வந்த நூலை உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அதற்கு அப்பால் தெரியும் சின்ன இடைவெளியில் வலக்கை ஊசியை அதே துளைக்குள் விடுங்கள். ஊசி பாதி போனதும் நிறுத்தி, முதல் நூலை லேசாக ஆட்டிப் பாருங்கள். வழுக்கி நகர்ந்தால் சரி. நகராமல் மாட்டினால் ஊசி நூலைக் குத்திவிட்டது என்று அர்த்தம். பின்னால் எடுத்து மறுபடி விடுங்கள். அப்புறம் இரண்டு கையாலும் ஒரே அளவு இழுங்கள்.

சிலர் நூலை அந்தப் பக்கம் சாய்த்து இந்தப் பக்கம் ஊசி விடுவார்கள். எதுவும் தப்பில்லை, ஆனால் நடுவில் மாற்றக் கூடாது. ஒரு துளையில் இடது முதலில், அடுத்ததில் வலது முதலில் என்று போனால், சாய்ந்து வரிசையாக நிற்க வேண்டிய தையல் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். டி.வி. பார்த்துக்கொண்டே தைத்த என் முதல் உறையில் சீரியல் எங்கே சூடு பிடித்தது என்பதைத் தையலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று இழுப்பு. தண்டையார்பேட்டை மார்க்கெட் ஓரத்தில் செருப்பு தைக்கும் ஒரு பெரியவரிடம் உறையைக் காட்டினேன். அவருடையது கொக்கி ஊசித் தையல், கீழ் நூலை வளையமாக மேலே இழுத்து அதற்குள் மறுமுனையை விடுவார்; வேறு முறை, ரொம்ப வேகம். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், தோல் சுருங்கியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். “இன்னாம்மா இது, தோலு மூச்சு முட்டுதே. நூல இழுக்காத, உக்கார வை.” நூல் தோலில் படிந்து லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

கடைசித் துளை வந்ததும் வந்த வழியே மூன்று துளை பின்னால் தைத்து, இரண்டு முனையையும் பின்பக்கமாகக் கொண்டுவந்து, ஒரு மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரால் லேசாகச் சுட்டு அழுத்துங்கள். பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூலில் இதைச் செய்தால் கருகும், அவ்வளவுதான்.

ஓரம்

ஒட்டிய ஓரங்களை உப்புத்தாளால் சமமாக்கி, ஈரத் துணியால் ஒரு தடவு தடவி, பழைய ஜீன்ஸ் துண்டால் சூடு ஏறும் வரை தேயுங்கள். இரண்டு தோல் என்பது தெரியாத மாதிரி ஒன்றாகி மினுங்கும். மூலைகளை உப்புத்தாளால் மழுக்கினால் போதும். நான் ஆசைப்பட்டு ரூபாய் நாணயத்தை வைத்து மூலையை வட்டமாக வெட்டினேன், மூலைத் துளையே நூலோடு சேர்ந்து போய்விட்டது.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பீர்கள். தோல் திட்டுத் திட்டாகக் கருக்கும். மழைக்காலத்தில் உறையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். கடல் காற்றுக்கு நம் பக்கம் ஊசியும் உளியும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. தையல் மெஷின் எண்ணெயில் துடைத்துத் துணியில் சுற்றி வையுங்கள்; துருப்பிடித்த ஊசி அடுத்த உறையில் துளைக்குத் துளை கறை வைக்கும்.