கூட்டம் சேர்க்க ஒரு பாட்டு

"பேச்சாளர் வரத் தாமதமாகும். அதுவரை நாலு பாட்டுப் பாடிக்கொண்டிருங்கள்." பொதுக் காரியங்களில் இறங்கிய பாடகர், பறையடிப்பவர், நாடகக்காரர் எல்லோருக்கும் பழகிப்போன அழைப்பு இது. பொதுக் காரியங்களில் இறங்கும் கலைஞர்கள் செய்யும் முதல் தவறு, இதற்குத் தலையாட்டுவது. பேச்சாளரின் கார் தெரிந்ததும் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். நாமும் நிறுத்துவோம். நானே பல வருடங்கள் அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

அடுத்தது, அழைத்த போராட்டத்துக்கெல்லாம் ஓடுவது. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் அப்படி ஓடவில்லை. 1936-இல் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியைத் தொடங்கியவர், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது விலங்குவதைத் தடுப்பை. தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார், பிறகும் விடவில்லை. 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். ராமாயண நாட்டிய நாடக வரிசையை அவர் அமைக்கத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். 1977-இல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். அந்த மறுப்பைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு வியப்பு, ஒரே சட்டத்துக்காக அவர் பொறுமையாகக் காத்திருந்த ஆண்டுகள்தான்.

ஏனென்றால் நம்மில் பலருக்கு மைக் பிடிக்கும் போராட்டமே பிடிக்கும். மனு எழுதி ஒப்புகைச் சீட்டை வாங்கி வைப்பதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்வதும் அலுப்பான வேலைகள். கைதட்டல் கிடையாது.

அதே ருக்மிணி தேவியிடம் மறுபக்கமும் உண்டு. நடன ஆசான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற பரதநாட்டியத்தை அவர் 'தூய்மைப்படுத்த' முனைந்தார். அதைத் தலைமுறைகளாக ஆடிவந்த குடும்பங்களின் பெண்களுக்கோ மேடை சுருங்கிக்கொண்டே போனது. ஆட்டத்திலிருந்து சிருங்காரத்தை, அதாவது காதல் உணர்வை, கழுவித் துடைப்பதை அந்த மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி கடைசிவரை ஏற்கவில்லை. யாருக்காகச் சீர்திருத்தம் என்கிறோமோ, அவர்களைக் கேட்காமல் இறங்கினால் இப்படித்தான் ஆகும். மீனவர் குப்பத்துக்குப் போய் 'கலையை வழங்குகிறோம்' என்று பேனர் கட்டுபவர்களைப் பார்த்தாலும் எனக்கு இதே கூச்சம். அங்கே ஏற்கெனவே பாட்டு இருக்கிறது ஐயா.

"செய்திதான் முக்கியம், சுருதி எப்படி இருந்தால் என்ன" என்பது இன்னொரு தவறு. சென்னையை அடுத்த எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைப் பற்றி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2017-இல் புறம்போக்குப் பாட்டைப் பாடினார். சொற்கள் சென்னைப் பேச்சுத் தமிழ். இசை, பல ராகங்களைக் கோத்த முறையான ராகமாலிகை. விஷயம் நல்லது என்பதற்காக அதில் சங்கீதத்தைத் தளர்த்தவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் இலவசமாகப் பாடலாம். உடன் வாசிப்பவரையும் கேட்காமலே இலவசமாக்கிவிடாதீர்கள். மிருதங்கக்காரரின் வீட்டுக்காரர் இலட்சியத்தை வாடகையாக வாங்கிக்கொள்ள மாட்டார்.

பொதுப்பணி பெருகும்போது முதலில் பலியாவது சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சி. ஒரு நாள் விட்டால் நமக்கு மட்டும் தெரியும். ஒரு மாதம் விட்டால் கடைசி வரிசைக்கும் கேட்கும். இப்போது காலை ஐந்து முதல் ஏழு வரை என் கைப்பேசியை அணைத்து வைக்கிறேன். குழுவில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். பிறகு ஏழேகாலுக்கு அழைக்கப் பழகிக்கொண்டார்கள்.