தோட்டப்புற வெயிலில் லைட்னிங் மரூன் வளர்க்கணுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் மதியம் ஆனால் வீட்டுக்குள்ளேயே 32 டிகிரி வரும், தொட்டித் தண்ணீரும் கூடவே ஏறும். லைட்னிங் மரூன் என்ற கடல் கோமாளி மீனுக்கு 25, 26 டிகிரிதான் சுகம். அதனால் மீனுக்குக் காசு சேர்க்கும் முன்னாடி, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்குச் சேர்த்துவையுங்கள். சில்லரை அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள், அது கக்கும் சூடு திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும். காற்றாடியும் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கி அடர்த்தி ஏறும். தினமும் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ (வடிகட்டிச் சுத்தம் செய்த) தண்ணீரை ஊற்றி, ஒப்படர்த்தியை 1.025-இல் நிறுத்துங்கள். பைப் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மின்னல் கோடு போட்ட இந்த மரூன் பாப்புவா நியூ கினி கடலில் கிடைத்தது. வாங்கும்போது கடலில் பிடித்ததைக் கேட்காதீர்கள், பண்ணைக் குஞ்சே மேல். சின்னதிலிருந்தே பெல்லட் (உருண்டைத் தீனி) தின்று பழகியிருக்கும். கடையில் உங்கள் கண் முன்னால் தின்னச் சொல்லிப் பாருங்கள், தின்னாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். இன்னொன்று, மரூனுக்குக் கன்னத்தில் முள் உண்டு, வலையில் மாட்டிக்கொண்டால் மீன் கிழிபடும். கப்பில்தான் அள்ள வேண்டும்.

தொட்டி 200 லிட்டராவது இருக்கட்டும். மீன் இல்லாமல் நாலு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனதும் மீனை விடுங்கள். ஒன்று மட்டும் வளர்ப்பது நல்லது. மரூன் பெண் உருவத்தில் பெரியது, கோபமும் அதிகம், பிடிக்காத துணையைக் கடித்தே கொன்றுவிடும். ஜோடி வேண்டுமென்றால் ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிற ஜோடியாக வாங்குங்கள்.

மீன் ஒண்டி வாழும் அனிமோன் (கடல் சாமந்தி) கட்டாயமில்லை. ஆசையாக இருந்தால் பபுள் டிப் என்ற வகையை வையுங்கள், கடலிலும் மரூனுக்கு அதுதான் வீடு, ஆனால் தொட்டிக்கு ஆறு மாதமாவது வயதாகட்டும்.

மழை, இடி என்றால் கரண்ட் போகும், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். அதைவிட எனக்குப் பயம் டிங்கிக்கு அடிக்கிற கொசுப் புகை. அந்த மருந்து மீனுக்கு விஷம், இறாலுக்கு அதைவிட மோசம். புகை வண்டிச் சத்தம் கேட்டதுமே ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பையும் நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்தி (இரண்டுமே வெளிக்காற்றைத் தண்ணீருக்குள் இழுப்பவை), தண்ணீரைச் சுழற்றும் பம்பை மட்டும் ஓடவிட்டு, தொட்டியை பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். புகை நன்றாகக் கலைந்ததும் மறக்காமல் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டு, ஃபில்டரில் விஷத்தை உறிஞ்சும் புது கார்பன் பையை வையுங்கள்.