போலந்து தாத்தார் முஸ்லிம்கள் பத்தி சொல்றப்போ இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

லீவு கிடைச்சா நம்ம ஆளுங்கள வார்சாவுல இருந்து கிழக்கு எல்லையில இருக்குற தாத்தார் கிராமங்களுக்கு கூட்டிட்டுப் போவேன். தாத்தார்னா புல்வெளி நாடோடிக் குதிரைப்படை வம்சத்துல வந்த முஸ்லிம்கள். போன வாரம் புதுசா கைடு வேலை ஆரம்பிச்ச ஒரு தம்பி வேன்ல மைக் புடிச்சு பேசுனத கேட்டேன், வரிக்கு வரி நான் எட்டு வருஷம் முன்னாடி பேசுனதேதான். இவங்க நேத்து வந்த அகதிங்க இல்ல, 14ம் நூற்றாண்டு கடைசியில லித்துவேனியா பிரபு வித்தௌதாஸ் காலத்துலயே குடியேறுனவங்கன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், அதனால அத விட்டுட்டு மத்தத சொல்றேன்.

ராஜா பரிசா குடுத்த ஊரு

இத கேட்டா இன்னிக்கும் எனக்கு பத்திக்கிட்டு வருது. 1679ல போலந்து ராஜா யான் சோபியெஸ்கி க்ருஷினியானி, போஹோனிகிங்கற ரெண்டு கிராமங்க பக்கம் தாத்தார் வீரர்களுக்கு நிலம் குடுத்தாரு, அது வரைக்கும் சரி. தாத்தார் கேப்டன் க்ஷெச்சோவ்ஸ்கி துருக்கிப் படையோட நடந்த பார்கனி சண்டையில ராஜா உயிர காப்பாத்துனாரு, அந்த நன்றிக்குத்தான் ஊரையே குடுத்தாருன்னு நான் எழுதி, கைக்காச போட்டு 200 புக்லெட் அடிச்சு வச்சிருந்தேன். அங்க சாப்பாடு போடுற ஒரு தாத்தார் அம்மா, பியெரேகாச்செவ்னிக்னு கறி வச்சு அடுக்கடுக்கா சுருட்டி சுடுவாங்களே, அத தட்டுல வச்சுக்கிட்டே "பார்கனி சண்டை எந்த வருஷம் தம்பி?"ன்னாங்க. 1683. நிலம் குடுத்து நாலு வருஷம் கழிச்சு!

"பரிசு இல்லப்பா, சம்பள பாக்கி"ன்னாங்க.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். தாத்தார் படைக்கு சம்பளம் பாக்கி நின்னுச்சு, பழைய உரிமைங்கள்லயும் கை வச்சாங்க, பொறுத்துப் பாத்துட்டு 1672ல நிறைய பேரு துருக்கி சுல்தான் பக்கமே போயிட்டாங்க. அவங்கள திரும்ப கூப்பிடணும், பாக்கிய அடைக்க கஜானாவுல காசு இல்ல, அதான் நிலம். நீங்க பரிசுன்னு சொன்னா பாக்கி வச்ச ராஜா வள்ளல் ஆயிடுறாரு, ரத்தம் சிந்துனவன் கைநீட்டி வாங்குனவன் ஆயிடுறான். 200 புக்லெட்டும் பழைய பேப்பருக்கு போச்சு, காசு போனது கூட பரவால்ல, அதுக்குள்ள எத்தன பேருக்கு அந்தப் பொய்ய சொல்லிட்டேன்!

அரபு எழுத்தப் பாத்து அரபு மொழின்னு சொல்றது

இவங்க கையால எழுதுன பழைய கிதாபுகள்ல (மத புத்தகங்கள்ல) எழுத்து அரபு, ஆனா நிறைய இடத்துல மொழி பெலாருசியனும் போலிஷும். சொந்த தாத்தார் மொழி சில தலைமுறையிலயே போயிடுச்சு, தொழுகை போகல.

மினார தேடுறது

க்ருஷினியானி, போஹோனிகி ரெண்டு ஊர்லயும் இருக்குறது மரத்துல கட்டுன பள்ளிவாசல், நீங்க நினைக்கிற மாதிரி உயரமான மினார் இருக்காது.

எல்லாரும் தாத்தார்னு நினைக்கிறது

இன்னிக்கு போலந்து முஸ்லிம்கள்ல தாத்தார் சின்ன பங்குதான். படிக்கவும் வேலைக்கும் வந்தவங்க, செச்சென்யாவுல இருந்து தப்பிச்சு வந்தவங்கதான் அதிகம். 1925ல தாத்தார்கள் ஆரம்பிச்ச முஸ்லிம் மத சங்கம் இன்னும் நடக்குது, வெளிநாட்டுல இருந்து வந்தவங்க வேற அமைப்பும் வச்சிருக்காங்க.

மிசார்ல செல்ஃபி

வேணாம். மிசார்னா அவங்க கபர்ஸ்தான், செத்தவங்கள அடக்கம் பண்ற இடம். 2021ல பெலாரஸ் எல்லைக் காட்டுல செத்துப்போன அகதிங்கள போஹோனிகி ஜனங்கதான் தங்களோட மிசார்ல அடக்கம் பண்ணுனாங்க, ஜனாஸா தொழுகைக்கு சொந்தக்காரங்க வர முடியாதப்போ ஊர்க்காரங்களே நின்னு தொழுதாங்க. சில கபர்ல பேரு கூட கிடையாது.