சி-ஆர்ம் அருகே பணியாற்றுவோர் சிதறல் கதிரிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் முறை

எக்ஸ்ரேயைச் செலுத்தி உடலுக்குள் நடப்பதை உடனுக்குடன் திரையில் காட்டும் முறை ஃப்ளூரோஸ்கோபி; அதற்கான, ஒரு முனையில் எக்ஸ்ரே குழாயும் மறுமுனையில் படத்தைப் பெறும் டிடெக்டரும் கொண்ட C வடிவக் கருவியே சி-ஆர்ம். ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் பொருத்துதல், எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை என ஃப்ளூரோஸ்கோபியின் துணையோடு நடைபெறும் சிகிச்சைகளில், மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பர் ஆகியோர்மீது விழும் கதிர்வீச்சில் பெரும்பகுதி எக்ஸ்ரே குழாயிலிருந்து நேராக வருவதன்று. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவது. எங்கே நிற்பது, எதை எங்கே இழுத்து வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஓர் உண்மையிலிருந்தே கிடைக்கும்.

பாதிப்பு இருவகைப்படும். முதலாவது புற்றுநோய், இதற்குப் பாதுகாப்பான அடிமட்ட அளவு என்று எதுவும் இல்லை எனக் கொண்டே விதிகள் வகுக்கப்படுகின்றன. இரண்டாவது, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் தோன்றும் திசுப் பாதிப்பு; இவ்வகையில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது கண்புரை. முன்பு ஆண்டுக்கு 150 மில்லி சீவெர்ட் (உடல் பெறும் கதிரளவின் அலகு) என்றிருந்த விழிவில்லைக்கான வரம்பை, சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட் என்றும், எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக்கூடாது என்றும் குறைத்தது. முழு உடலுக்கும் இதே எண்கள்தாம். கைகளுக்கு ஆண்டுக்கு 500. இவை மீறக்கூடாத எல்லைகளே தவிர, அதுவரை வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி அல்ல. மூளையின் இடப்பக்கக் கட்டிகளைப் பற்றி அடிக்கடி பேசப்படுகிறது. சில மருத்துவர்களிடம் அவை காணப்பட்டதாகப் பதிவுகள் உண்டு, ஆயினும் கதிர்வீச்சே காரணம் என்பது நிறுவப்படவில்லை. கண்புரையோ அப்படியல்ல: இதய ஊடுருவு சிகிச்சை மருத்துவர்களைப் பரிசோதித்த ஆய்வுகளில், விழிவில்லையின் பின்புறத்தில் உண்டாகும் மாற்றங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்பட்டுள்ளன.

முதலில் சி-ஆர்மின் நிலையைக் கவனியுங்கள். கதிர் உடலுக்குள் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் மிகுதி. எனவே குழாய் மேசைக்குக் கீழேயும் டிடெக்டர் மேலேயும் இருப்பதே நல்லது. பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது குழாய் இருக்கும் பக்கத்தில் நிற்காமல் டிடெக்டர் பக்கத்தில் நில்லுங்கள். நோயாளியின் வலப்பக்கம் நின்று வேலை செய்பவருக்கு இடப்புறச் சாய்வுக் கோணம் சோதனையானது. டிடெக்டர் நோயாளியின் இடப்பக்கம் சாயும்போது குழாய் மேசைக்கடியில் அவர் நிற்கும் பக்கமாக வந்துவிடுகிறது. அக்கோணம் தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் படம் கிடைத்தவுடன் கோணத்தை மாற்றிவிடலாமே. டிடெக்டரை நோயாளியின் உடலுக்கு இயன்றவரை நெருக்கமாக இறக்கி வைப்பதும் கதிரளவைக் குறைக்கும்.

அடுத்தது கால் பெடல். திரையைப் பார்க்காத நேரத்தில் பெடலை அழுத்தி வைத்திருப்பதால் எவருக்கும் பயனில்லை. கடைசிப் படம் திரையில் நிலைத்து நிற்கும், அதைப் பார்த்தே பேசலாம், யோசிக்கலாம். கதிர் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தப்படுகிறது; விநாடிக்கு 15 துடிப்பு போதுமான இடத்தில் 30 வேண்டாம். பல சிகிச்சைகளுக்கு 7.5-கூடப் போதும். சினி எனப்படும் பதிவுப் படத்தில் ஒரு பிரேமின் கதிரளவு, ஃப்ளூரோஸ்கோபி பிரேமின் அளவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆகவே பதிவு ஓடும்போது உள்ளே இருக்க வேண்டியவர் தவிர மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குச் சென்றால் அவர் பெறும் அளவு சுமார் நான்கில் ஒன்றாகிவிடும். மருந்து கொடுக்கவோ ரத்த அழுத்தப் பட்டையைச் சரிசெய்யவோ நோயாளியின் அருகே செல்லும் செவிலியர், "உள்ளே வருகிறேன்" என்று உரக்கச் சொல்வதும், பெடலில் கால் வைத்திருப்பவர் காலை எடுப்பதும் அறையின் வழக்கமாகவே இருக்க வேண்டும். கதிர் விழும் பரப்பைச் சுருக்குங்கள். படத்தைப் பெரிதாக்குவதைக் குறையுங்கள்.

கூரையிலிருந்து தொங்கும் ஈயக்கண்ணாடித் திரைதான் கண்ணுக்கான முதல் கவசம். வேலைக்கு இடைஞ்சல் என்று சுவரோரம் தள்ளிவைக்கப்படுவதும் அதுவே. அதன் கீழ்விளிம்பு நோயாளியின் உடலைத் தொடும்படி, கதிர் விழும் இடத்துக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே நிறுத்துங்கள். கோணம் மாறும்போதெல்லாம் திரையையும் நகர்த்துங்கள். ஈயக் கண்ணாடி அணிந்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மானிட்டரைப் பார்க்கும்போது சிதறல் கதிர் நேரெதிரே வராமல் பக்கவாட்டிலும் கீழிருந்தும் வருகிறது. எனவே பக்கக் காப்பு உள்ள, கன்னத்தோடு படிந்து நிற்கும் கண்ணாடியையே தேர்ந்தெடுக்க வேண்டும். கால்களைக் காக்க மேசையோரம் தொங்கும் ஈயத் திரையும், கழுத்துக்குத் தைராய்டு காலரும் தவறாமல் இருக்கட்டும்.

ஈய ஏப்ரனைப் பொறுத்தவரை 0.25 மி.மீ. ஈயத்துக்கு இணையானதே சிதறல் கதிரில் சுமார் 90 விழுக்காட்டைத் தடுக்கும். மேலங்கியும் பாவாடையுமாக இரண்டாகப் பிரிந்தது முதுகின் சுமையைக் குறைக்கும். ஆண்டுக்கணக்கில் ஏப்ரன் சுமப்பவர்களின் முதுகுவலியும் இத்தொழிலின் பாதிப்புதான். அக்குள் பகுதி அகலத் திறந்திருந்தால் மார்பகத்தின் மேல்புறம் மறைவின்றிப் போகும் என்பதைப் பெண்கள் கவனிக்க வேண்டும். மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விழும். மாட்டித் தொங்கவிடுங்கள், ஆண்டுக்கொருமுறை ஃப்ளூரோஸ்கோபியில் வைத்துப் பாருங்கள். ஈயக் கையுறையை நம்பிக் கையை நேர்க்கதிருக்குள் நீட்டாதீர்கள்: ஈயத்தைக் கண்ட இயந்திரம் படத்தைத் தெளிவாக்கத் தானாகவே கதிரளவைக் கூட்டும், நோயாளிக்கும் கைக்கும் கூடுதல் அளவே மிஞ்சும்.

பெற்ற கதிரளவைப் பதிவுசெய்யும் டோசிமீட்டர் இரண்டு அணிவது சிறந்தது: ஒன்று ஏப்ரனுக்குள் மார்பில், மற்றொன்று வெளியே காலரருகே, குழாய்க்கு அருகிலுள்ள தோளின் பக்கம். இடம் மாற்றி அணிந்தாலும் லாக்கரிலேயே விட்டுவிட்டாலும் அறிக்கையில் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. கருவுற்றவர் அதனை நிர்வாகத்திடம் தெரிவித்த நாளிலிருந்து கருவுக்கான வரம்பு மீதமுள்ள கர்ப்பகாலம் முழுமைக்கும் 1 மில்லி சீவெர்ட். அவருக்கு ஏப்ரனுக்குள் வயிற்றருகே தனி டோசிமீட்டர் வேண்டும். காலரருகே உள்ள டோசிமீட்டர் காட்டும் அளவு முந்தைய மாதங்களைவிட ஏறினால், சிகிச்சைகளின் எண்ணிக்கை கூடியதா என்று பார்த்துவிட்டு, அது காரணமில்லையெனில் தொங்குதிரை பயன்பட்டதா, துடிப்பு எண்ணிக்கையை யாரேனும் மாற்றினார்களா என்று கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரோடு அமர்ந்து விசாரியுங்கள்.