கொழும்பு மழையில் வேலைக்குச் சைக்கிளில் போவது எப்படி

கொழும்பு வெக்கையில் உடம்பை முழுக்க மூடும் றெயின்கோட்டோடு அரை மணி நேரம் மிதித்தால், மழை உள்ளே வராவிட்டாலும் வியர்வை நனைத்துவிடும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நாளில் அது காயவும் காயாது. அதனால் வழியில் தோல் நனைந்தால் நனையட்டும். போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளக் காய்ந்த உடுப்பும் சப்பாத்தும் கையில் இருந்தால் போதும்.

முதல் செலவு மட்காட்டுக்கு. மேலிருந்து விழுவது வெறும் தண்ணீர். சில்லு வாரி அடிப்பதில் மண்ணும் எண்ணெயும் வடிகான் அழுக்கும் சேர்ந்திருக்கும், சேட்டில் பட்டால் கறை போகாது. இரண்டு சில்லுக்கும் முழு நீள மட்காட் பூட்டுங்கள். ரயருக்கும் அதற்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மண் அடைத்து உரசும்.

பெரும்பாலான முன் மட்காட்கள் கீழ்ப்பக்கத்தில் கட்டையாகவே முடிகின்றன. முன் சில்லுத் தண்ணீர் நேரே பாதத்துக்கும் செயினுக்கும் அடிப்பது இதனால்தான். அதற்கு ஒரு தொங்கல் வெட்டிப் பூட்டலாம். வெறும் 5 லீற்றர் பிளாஸ்டிக் கலன் ஒன்றின் பக்கத்தில் 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு, மேலே 6, கீழே 10 சென்ரிமீற்றர் அகலம் வரும்படி வெட்டி, மேல் விளிம்பில் இரண்டு துளை போடுங்கள். முன் மட்காட்டின் கீழ் நுனியிலும் அதே அளவுக்குத் துளைத்து, இரு பக்கமும் வாசர் வைத்துச் சின்ன நட்டால் இறுக்குங்கள். வாசர் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் துளையோடு கிழிந்துவிடும். கீழ் நுனி நிலத்திலிருந்து 6, 7 சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே போனால் நடைபாதை விளிம்பில் இறங்கும்போது மாட்டும். தகரம் வேண்டாம்; மாட்டினால் மட்காட்டையே வளைத்துவிடும்.

உடுப்பில் பருத்தியும் ஜீன்ஸும் தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, தொடை இடுக்கை உரசிப் புண்ணாக்கும். மெல்லிய பொலியெஸ்டர் பெனியனும் முழங்காலளவுக் காற்சட்டையும் நல்லது. வெறுங்காலைத் துவாயால் துடைக்க ஒரு நிமிடம் போதும், நனைந்த நீளக் காற்சட்டை பின்னேரம் வரை காயாது. மேலுக்கு மெல்லிய மழை ஜாக்கெற் ஒன்றைப் போட்டு, கழுத்துச் சிப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். போர்வை மாதிரியான பொன்சோவில் காற்றோட்டம் உண்டுதான். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் கடலோர மெரின் டிரைவில் அது கப்பல் பாய் மாதிரி விரியும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகும்போது கடல் இடது கைப்பக்கம் என்பதால், காற்று உங்களை வீதி நடுவுக்குத் தள்ளும். அங்கே பொன்சோ வேண்டவே வேண்டாம்.

காலுக்குப் பின்வார் உள்ள றப்பர் சாண்டல்ஸ். வாரில்லாத செருப்பு நனைந்த பெடலில் வழுக்கும்.

மாற்றுடுப்பைச் சுருட்டித் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, கழுத்தை முறுக்கி, மடித்து, றப்பர் வளையத்தால் கட்டுங்கள். வெறும் முடிச்சுக்குள் தண்ணீர் ஊறும். அதை இன்னொரு பையில் தலைகீழாகப் போட்டுக் கட்டினால் கவலையில்லை. போனுக்கும் துவாய்க்கும் தனித்தனிப் பை. முதுகுப் பைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கத்தால் வழியும் தண்ணீர் அதற்குள்ளேயே தேங்கும்.

ஓடும்போது கவனம் பிறேக்கில் இருக்கட்டும். றிம்மைப் பிடிக்கும் பிறேக்கில், நனைந்த றிம்மின் தண்ணீரைப் பிறேக் கட்டை வழித்து முடிக்கும் வரை பிடி கிடைக்காது. பழைய இரும்பு றிம்மில் இது இன்னும் மோசம். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே மெல்லத் தொட்டு வழித்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். மழை தொடங்கிய முதல் பத்து, பதினைந்து நிமிடம் எண்ணெய் மிதந்து வீதி ஆக வழுக்கும். வீதி நனைந்திருக்கும் வரை பாதசாரிக் கடவைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் திரும்பவோ பிறேக் பிடிக்கவோ கூடாது; நேராக உருண்டு போங்கள். ரயில் தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை இடியோடு வரும். முழக்கம் கேட்டால் இறங்கி ஒரு கட்டடத்துக்குள் போய் நில்லுங்கள், மரத்தடி வேண்டாம். வெள்ளம் தேங்கிய இடத்தில் வடிகான் மூடி இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது, இறங்கித் தள்ளிக்கொண்டு வேறு வழி பாருங்கள். காலில் காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டாமல் புறப்பட வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். போய்ச் சேர்ந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

சைக்கிளை விடும்போது சீற்றுக்குச் சொப்பிங் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், கடற்கரைப் பக்கம் ஓடியிருந்தால் கட்டாயம். உப்புப் படிந்த செயின் ஓரிரவிலேயே சிவக்கத் தொடங்கும். பழந்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மேலே மிஞ்சியதைத் துடைத்து எடுங்கள்.