கர்ப்ப காலச் சர்க்கரை: சோற்றைக் குறை, மீனைக் கூட்டு, ஊசிக்குப் பயப்படாதே

குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டாலே கர்ப்ப காலச் சர்க்கரை என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். உடனே வீட்டில் யாராவது “இனிப்பாத் தின்னா வராம என்ன செய்யும்” என்று ஆரம்பிப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை, அதுதான் முக்கியக் காரணம்.

பயந்துபோய் ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், நடுவில் சுண்டலோ மோரோ கொஞ்சம். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, மிச்சத்தில் மீன். சாளை, நெத்திலி, காரல் என்று விலை குறைந்த சின்ன மீன்கள் நம் கரையில் கிடைக்கிறதே, அதைக் குழம்பாக வைத்தால் போதும். சுறாவிலும் பெரிய வஞ்சிரத்திலும் பாதரசம் கூடுதல், அதனால் இப்போதைக்கு வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் இருந்தால் தொடவே வேண்டாம். பலருக்குக் காலையில்தான் சர்க்கரை எகிறும், அதனால் நாலு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு நிறுத்தி, கூட ஒரு முட்டை வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள்.

அப்புறம் கருப்பட்டி. பனைச் சரக்கு ஒன்றும் செய்யாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பதநீரும் அப்படியே. கீழக்கரைத் தொதல் மாதிரி இனிப்பெல்லாம் பேறுகாலம் முடியும்வரை காத்திருக்கட்டும்.

வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரம் பார்த்தும் இறங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ எழுதுவார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது, போவது உங்கள் ரத்தத்தில் ஏறிக் கிடக்கும் சர்க்கரைதான், ஆகவே ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. இதை மாற்றிப் போட்டால் அளவே தப்பிவிடும். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து உருட்டி, வயிற்றிலோ தொடையிலோ தினமும் இடம் மாற்றிப் போடுங்கள். குப்பியில் 30/70 என்று போட்ட கலவை இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், ஆனால் அடுப்பில் சாப்பாடு தயாரா என்று பார்த்துவிட்டு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், அதுவும் இந்த வெயிலில், பெரிய மண்பானையில் ஈர மணல் பரப்பி அதற்குள் சின்னப் பானை வைத்து, குப்பியை நனையாமல் கவரில் சுற்றிப் போட்டு மூடுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம், ஃபிரீசரில் கூடாது.

கை நடுங்கி வியர்த்தால், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, கால் மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். ஊசி போட்டுக்கொண்டு நோன்போ விரதமோ இருப்பதை டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். குழந்தை அசைவு குறைந்த மாதிரித் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பிரசவம் ஆனதும் பலருக்கு ஊசி நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள், குழந்தையின் சர்க்கரையையும் பார்ப்பார்கள். ஆறு வாரத்தில் உங்களுக்கு மறுபடி குளுக்கோஸ் தண்ணீர் சோதனை உண்டு, குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப் போகும்போதே அதையும் கேட்டு முடித்துவிடுங்கள்.